இடப்பக்கத்து வரி

ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் தொண்டி வண்டியில் ஏறப் போனபோது கண்டக்டர் என்னை நிறுத்திச் சொன்னார்.

"சார், ஒங்க ஊரு குமாஸ்தா போயிட்டாரு. காலையில. ஒங்களக் கண்டாச் சொல்லச் சொல்லி மரைக்காயர் சொல்லி விட்டாரு."

"யாரு, வேலாயுதம் அய்யாவா?"

"அவருதான். போர்டுக்காரர்."

விடைத்தாள் திருத்தும் வேலைக்காக ராமநாதபுரம் வந்திருந்தேன். விரல்களில் சிவப்பு மை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். பனைகள், உவர் நிலம், தேங்கிய நீரில் நாரைகள். ஒவ்வொன்றையும் கண்டதும் மனம் தானாக ஒரு வாக்கியம் அமைத்தது. இன்ன இடத்தில் இன்னது கண்டேன். கீழே என் பெயர். கொண்டுபோய்ச் சொல்ல இனி அவர் இல்லை என்பது உப்பூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

வேலாயுதம் அவர்கள் ராமநாதபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஆயுளில் பெரும்பகுதி அந்த வேலை. மனைவி இறந்த பின், மகள் பார்வதியைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால் தொண்டிக்கு வந்தார். சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள வாசகசாலைக்குச் செயலாளர் தேவைப்பட்டது. கையெழுத்து நன்றாக இருந்ததால் அவரைப் போட்டார்கள். சில காலத்துக்குப் பிறகு, பள்ளிக்கூட வேலைக்கு வந்த என்னைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். மாலை நேரத்தில் எனக்குப் போக வேறு இடம் இல்லை என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை.

அவர் பறவைகளை அறிந்தவர் அல்லர். இதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வெள்ளையாக நின்றதெல்லாம் கொக்கு, கறுப்பாகப் பறந்ததெல்லாம் காக்கை. கண்ணாடி தடிமனானது. அதைக் கழற்றினால் எதிரில் இருப்பவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

வாசகசாலைக்கு வரும் ஒரே பத்திரிகை மாலை பஸ்ஸில் வரும். முக்கியச் செய்திகளைக் கரும்பலகையில் எழுதி வாசலில் சாய்த்து வைப்பது வழக்கம். யாராவது ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் நின்று கேட்பார்கள். ஓர் ஐப்பசியில் மழையில் சாலை அறுந்தது. பஸ் இல்லை. பத்திரிகை இல்லை. ஆனாலும் ஆட்கள் வழக்கம்போல வந்து பலகை முன் நின்றார்கள். வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. சாக்கட்டியை எடுத்து எழுதினார்.

'இன்று காலை ஊருணிக் கரையில் ஒரு கீரி, வாயில் பாம்புடன். நான் கண்டேன். வேலாயுதம்.'

எதிரே உள்ள சரக்குக் கிட்டங்கியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் செய்யது இபுராகிம் மரைக்காயர் அதை வாசித்துவிட்டுக் கேட்டாராம்.

"என்ன குமாஸ்தா, டில்லியப் பத்தி ஒண்ணுமே இல்லையா?"

"டில்லிய நான் பாக்கலையே, மரைக்காயரே. கீரியத்தான் பாத்தேன்."

மறுநாள் மரைக்காயரே வந்து, தன் கிட்டங்கி ஓட்டின் மேல் கூகை உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அதற்கும் ஒரு வரி. சாலை சரியாயிற்று. பத்திரிகை வந்தது. டில்லியும் வந்தது. "அது கெடக்கட்டும், நம்ம ஊருச் சேதி எங்க?" என்று கேட்டார்கள். பலகையின் மேல்பாதி பத்திரிகைக்கு, கீழ்ப்பாதி ஊருக்கு என்று ஆனது அப்படித்தான்.

*

கீழ்ப்பாதிக்கு விதிகள் இருந்தன. அவை எல்லாம் கோர்ட்டிலிருந்து வந்தவை.

கேள்விப்பட்டதை எழுத மாட்டார். பார்த்தவர்தான் வர வேண்டும், தன் பெயரைக் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தது இடப்பக்கம். வேறொருவரும் பார்த்து வந்து சொன்னால் வலப்பக்கம் மாறும். வலப்பக்கத்தைப் பத்திரிகைச் செய்தியோடு சேர்த்து மறுநாள் மாலை அழித்துவிடுவார். இடப்பக்கத்தை அழிப்பதில்லை. இரண்டாவது ஆள் வரும் வரையில் அது அப்படியே இருக்கும். காற்றில் மங்கினால் மறுபடி எழுதுவார்.

இன்னொரு விதி. பார்த்தவர் சொன்னதில் ஏதாவது ஒன்றை எழுதாமல் மனத்தில் வைத்துக்கொள்வார். இரண்டாவதாக வருபவரிடம் அதைக் கேட்பார். பலகையை வாசித்துவிட்டு வந்து ஒப்பிப்பவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

விறகு விற்கும் ராக்கு ஒருநாள் நரியைப் பற்றிச் சொல்ல வந்தார். நான் உடன் இருந்தேன்.

"நரி குட்டியளோட போச்சுங்கய்யா. கருவக்காட்டுக்குள்ள."

"வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வெயிலு மேலதான் இருந்துச்சு."

"ஒனக்கும் நரிக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?"

"பயந்தான் இருந்துச்சு." ராக்கு விறகுக் கட்டை இறக்கி வைத்தார். "நா என்ன கொலக் கேசுலயா நிக்கேன்? எழுதுறதுன்னா எழுதுங்க. இல்லாட்டிப் போயி நரியவே கேட்டுக்கிருங்க."

எழுதினார். ராக்கு எழுத்து அறியாதவர். சாக்கட்டிப் பொடியில் கட்டைவிரலைத் தோய்த்து வரியின் ஓரத்தில் வைத்தார். அதன் பிறகு விறகு விற்க வரும்போதெல்லாம் தன் விரல் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

இத்தனை விதிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாக வந்தது. ஒருவர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொருவர் போய், ஒன்றும் பார்க்காமல் திரும்பினால், அதையும் எழுதுவார். 'போனேன். பார்க்கவில்லை.' கீழே பெயர்.

"அதுல என்னய்யா இருக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"போயிருக்காருல்ல தம்பி" என்றார்.

*

அவர் தவறியதும் உண்டு.

அந்தோணி, சூசை என்று வள்ளக்காரச் சகோதரர்கள். ஒருநாள் கரைக்கு வந்ததும் நேராகப் பலகைக்கு வந்தார்கள். பெரிய மீன் ஒன்றைப் பார்த்ததாக அந்தோணி சொன்னார். தோணி நீளம். முதுகு பூரா வெள்ளைப் புள்ளி. வாயைத் திறந்தால் வாசக்கதவு மாதிரி. அய்யா அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சூசையை அழைத்துக் கேட்டார். தோணி நீளம். முதுகு பூரா வெள்ளைப் புள்ளி. வாயைத் திறந்தால் வாசக்கதவு மாதிரி.

அய்யா சாக்கட்டியைக் கீழே வைத்தார். "சொல்லி வச்சுப் பேசுறீங்க" என்றார்.

கோர்ட்டில் இரண்டு சாட்சிகள் ஒரே வார்த்தையில் பேசினால் அது சொல்லிக்கொடுத்த சாட்சி. அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சகோதரர்கள் கோபமாகப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே அந்த மீன் கரைக்கு அருகில் வந்தது. ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. வாய், வேறு எப்படிச் சொல்வது, வாசக்கதவு போலத்தான்.

அன்று பலகையில் இருந்த முதல் வரி: 'அந்தோணி, சூசை சொன்னது உண்மை. எழுத மறுத்தது என் தவறு. வேலாயுதம்.' எழுதியதோடு நிற்காமல் அவர்கள் குடிசைக்கும் போனார். சூசை வலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

"ஒரே வள்ளத்துல இருந்து பாத்தோம். கரைக்கு வாரவரைக்கும் அதையேதான் பேசிக்கிட்டு வந்தோம். பொறவு வேற வேற மாதிரியா சொல்லுவோம்?"

"இல்லதான்" என்றார் அய்யா. "இல்லதான்."

திரும்பி வரும் வழியில், ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்டேன். தெரு முனை வந்ததும் நின்றார். பிறகு சொன்னார்.

"ஒரு வரப்புத் தகராறு தம்பி. ஒருத்தன் மண்ட ஒடஞ்சு போச்சு. அடிச்சதப் பாத்தவன் ஒருத்தனும் இல்ல. பாத்தவன் ஒருத்தன் வேணும்னு வக்கீல் சொன்னாரு. நான் ஒருத்தனக் கூட்டியாந்து சொல்லிக் குடுத்தேன். எந்தக் கையில கம்பு, வேட்டி என்ன நெறம், எல்லாம். கோர்ட்டுல அவன் நான் சொல்லிக் குடுத்தத விட நல்லாச் சொன்னான். எதிராளி செயிலுக்குப் போயிட்டான்."

"அவருதான் அடிச்சாரா?"

"அதான் தம்பி. எனக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

*

புதுப் பைசா வந்த வருஷம். இலங்கைக்குத் தோணிகள் போன காலத்தில் சரக்கு ஏற்றிய பழைய கடல்பாலம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. பலகைகள் போய்விட்டன. தூண்களும் அடிக்கற்களும் மிச்சம். ஒரு மாலை அங்கே காற்று வாங்கப் போன அய்யா மறுநாள் காலை எல்லோருக்கும் முன்பாக வந்து எழுதினார்.

'பழைய பாலத்தடிக் கல்லில் ஒரு மிருகம். பழுப்பு நிறம், தட்டை வால், மீசை. கடலிலிருந்து ஏறி, மீண்டும் கடலில் இறங்கியது. வேலாயுதம்.'

நான் புத்தகத்தில் படித்திருந்தேன். "நீர்நாயா இருக்கும்ய்யா. அப்படியே எழுதிரலாம்" என்றேன்.

"நான் பேரப் பாக்கல தம்பி. மிருகத்தத்தான் பாத்தேன்."

கூட்டம் கூடியது. மரைக்காயர் இரண்டு முறை வாசித்தார்.

"குமாஸ்தா, கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாத்தீங்களா?"

"தொடச்சேன்."

"தெருநாய் ஏதாச்சும் குளிக்க எறங்கியிருக்கும்."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போது பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "ஊருக்கெல்லாம் சாட்சி தயார் பண்ணுன ஆளு. இப்ப அவரே கூண்டுல ஏறிட்டாரு."

அதற்கும் சிரிப்பு எழுந்தது. முன்னதைவிடப் பலமாக. அவர் சிரிக்கவில்லை. சாக்கட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சிறிது நேரம் நின்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. இன்னொருவர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

போனார்கள். முதல் வாரம் வேடிக்கைக்காகப் பலர். பிறகு சிலர். அந்தோணியும் சூசையும் அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்கள். 'போனேன். பார்க்கவில்லை.' 'போனேன். பார்க்கவில்லை.' அத்தனையையும் தனக்கு எதிராகத் தன் கையாலேயே அழகாக எழுதினார். தானும் போனார். மழை இல்லாத மாலைகளில் பெரும்பாலும் அவர் பாலத்தில்தான் இருந்தார். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் வந்தது. 'போனேன். பார்க்கவில்லை. வேலாயுதம்.'

இடப்பக்கத்தில் மற்ற வரிகள் வந்தன, வலப்பக்கம் மாறின, அழிந்தன. அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. வருடக்கணக்கில் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள்கூட அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

நான் அவரை நம்பினேனா? பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையில் நம்புகிறவருக்கு என்று ஒரு பக்கம் இல்லை.

*

இந்தத் தை மாதம் படுத்தார். மூச்சு வாங்கியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். தினமும் மகளிடம் கேட்பார்.

"யாரும் வந்தாங்களாத்தா?"

"டாக்டர் வந்துட்டுப் போனாருய்யா."

"டாக்டர் இல்ல. பாத்தவங்க."

ஒருநாள் மாலை நான் அவர் அருகில் இருந்தபோது மரைக்காயர் உள்ளே வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். உட்காரவில்லை.

"குமாஸ்தா, நான் பாத்துட்டேன்."

"எத?"

"ஒங்க மிருகத்த. நேத்துச் சாயந்தரம் அசர் தொழுதுட்டு பாலத்துப் பக்கம் போனேன். கல்லுல இருந்துச்சு. பழுப்பு நெறம். தட்ட வாலு."

"மீச?"

"மீசையும்தான். நம்ம சப் ரிஜிஸ்தரார் மீச மாதிரி."

அய்யா நிமிர்ந்து உட்கார முயன்றார். பார்வதி தலையணையை அணைத்து வைத்தார். அவர் கைகள் கண்ணாடியைத் தேடின. கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு மரைக்காயரின் முகத்தைப் பார்த்தார்.

"கல்லுல ஏறுனதும் மொதல்ல என்ன செஞ்சுச்சு?"

மரைக்காயர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. அதுதான் அவர் எழுதாமல் வைத்திருந்தது.

"ஒடம்ப ஒதறுச்சு" என்றார் மரைக்காயர். "நனஞ்ச நாய் ஒதறுமில்ல, அந்த மாதிரி."

அய்யா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, பார்வதி முதுகைத் தடவிக் கொடுத்து, அடங்க நேரமாயிற்று.

"யாரு சொல்லிக் குடுத்தா மரைக்காயரே?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் சொன்னேன்."

"நல்லாத்தான் சொன்னீங்க. அந்தக் காலத்துல எங்கிட்ட வந்திருந்தா, எந்தக் கேசும் தோத்திருக்காது."

மரைக்காயர் அப்போதுதான் உட்கார்ந்தார். "ஒரு வரி, குமாஸ்தா. அது வலப்பக்கம் போனா யாருக்கு நட்டம்? நான் கெட்ட நெனப்புல சொல்லல. அல்லாவுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்." அய்யா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா ஒரு பொய்ச் சாட்சிய வாங்கிட்டுப் போகச் சொல்றீங்களா? வேணாம். இடப்பக்கமும் பலகதான்."

மரைக்காயர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். நெடுநேரம் வாளிச் சத்தம் கேட்டது. அப்போது அய்யா என்னை அருகில் அழைத்து, அந்த மிருகம் கல்லில் ஏறியதும் செய்ததைச் சொன்னார்.

"ஏன்ய்யா எங்கிட்ட?"

"யாராச்சும் ஒருநா வருவாங்க. கேக்குறதுக்கு ஆளு வேணுமில்ல."

மிகச் சிறிய செயல் அது. பொய் சொல்கிறவர் இத்தனை சிறியதைத் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று நினைத்தேன். கைதேர்ந்த குமாஸ்தா இதைத்தான் தேர்ந்தெடுப்பார் என்றும் உடனே நினைத்தேன். இரண்டு நினைப்பும் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

*

நான் தொண்டியில் இறங்கியபோது பலகை வாசலில் சாய்ந்திருந்தது. மேல்பாதி வெறுமை. கீழ்ப்பாதியில் அந்த ஒரு வரி. மரைக்காயர் சாக்கட்டியுடன் நின்றிருந்தார்.

"சேதிய எழுதணும் சார். யாரு எழுதுறது? விதின்னு ஒண்ணு இருக்கே."

பார்வதி வீட்டிலிருந்து வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. தெருவில் நின்ற ஆண்கள் வழிவிட்டார்கள். சாக்கட்டியை வாங்கி, இடப்பக்கத்தில், தகப்பனாரின் வரிக்குக் கீழே எழுதினார்.

'இன்று காலை எங்கள் அய்யாவுக்கு மூச்சு நின்றது. நான் பக்கத்தில் இருந்து கண்டேன். பார்வதி.'

"நானும் வாசல்ல நின்னு பாத்தேன்" என்றார் மரைக்காயர். பார்வதியே அந்தச் செய்தியை இடப்பக்கத்தில் அழித்து வலப்பக்கம் எழுதினார். இரண்டு பெயருடன்.

சுடுகாட்டுக்குப் போனோம். மரைக்காயர் கடைசி வரையில் கூட வந்தார். திரும்பும்போது அவர் எங்களோடு வரவில்லை. பாலத்துப் பக்கம் பிரிந்து போனார். இருட்டுவதற்கு முன் வந்து, சாக்கட்டியை எடுத்து, தன் கோணல் எழுத்தில் எழுதினார்.

'போனேன். பார்க்கவில்லை. செ. இபுராகிம்.'

மறுநாள் அந்தோணி. அதற்கு மறுநாள் சூசை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. போகிறார்கள், உட்காருகிறார்கள், வந்து எழுதுகிறார்கள். அன்றைக்குக் கூண்டைப் பற்றிச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய பெயரும் இதில் இருக்கக்கூடும்.

மிருகம் கல்லில் ஏறியதும் என்ன செய்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். படிக்கிற உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எழுதிவிட்டால் இரண்டாவது சாட்சிக்கு இடமில்லாமல் போகும். தொண்டிக்கு வந்தால் மாலையில் பழைய பாலத்தில் உட்காருங்கள். ஏதாவது கண்டால் வாசகசாலைக்கு வாருங்கள். ஒரு கேள்வி கேட்பேன்.

அய்யா, நேற்று நான் போனேன். கடல் வற்றிக் கிடந்தது. கல் காய்ந்திருந்தது. ஒரு நாரை தூணில் நின்று நெடுநேரம் ஒன்றும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பிறகு வந்து, பார்க்கவில்லை என்று எழுதினேன். உங்கள் வரி காற்றில் சற்று மங்கியிருந்தது. அதன் மேல் அப்படியே திரும்ப எழுதினேன். உங்கள் எழுத்தின் வளைவுகள் எனக்கு வரவில்லை.

இன்று ராக்கு போயிருக்கிறார். விறகுக் கட்டை வாசகசாலை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.